சடையனுக்குக் கிடைத்த வெகுமதி

எழுபத்திரண்டில் நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயமொன்று தீப்பிடித்தபோது ஐந்து பேரை வெளியே இழுத்துப்போட்டவன் சடையன். ஆறாவதாக அதே லயத்து வேலாயியின் கையைப் பிடித்தான். தோல் மட்டும் உரிந்து அவன் கையோடு வந்தது. அவள் உள்ளேயே கருகிப்போனாள்.

தோட்டத்தை நடத்திய துரை அவன் துணிச்சலை மெச்சினாராம்! தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கு விறகு தள்ளும் வேலையைக் கொடுத்தார். அடுப்பைத் திறக்கும்போதெல்லாம் சடையனுக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

இரண்டு வருடம் கழித்து, கொழும்பிலிருந்து மனநோய் ஆராய்ச்சிக்காரர் ஒருவர் சடையனைப் பார்க்க வந்தார்.

"தீயைக் கண்டா பயமா?"

"பயமில்லீங்க. அருவருப்பா இருக்கு. எத்தனை தடவை கழுவினாலும் கை சுத்தமாகலீங்க."

அவருடைய கேள்வித்தாளில் அருவருப்புக்குக் கட்டம் இல்லை. 'பயமில்லை' என்று குறித்துக்கொண்டு, பாராட்டிக் கைகுலுக்கக் கையை நீட்டினார்.

சடையன் தன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.