சாயம் ஒத்துக்கலையாம்

எங்க வீட்டுக்காரருக்கு உள்ளங்கையில செம்புள்ளி வந்தப்ப, ஆரணியில எங்க தெரு மொத்தமும் டாக்டரா மாறிடுச்சு. "சாயம் ஒத்துக்கல." பட்டு நூலுக்குச் சாயம் போடறவங்க வீட்டுல எல்லாத்துக்கும் இதான் பதில். கையில சொறி வந்தாலும் சாயம், நகம் சொத்தையானாலும் சாயம். தேங்காய் எண்ணெயில மஞ்சளைக் குழைச்சித் தடவிட்டா வேலை முடிஞ்சுது.

அவருக்கு உள்ளங்கால்லயும் புள்ளி இருந்துது. சாயப் பட்டறை அவரோட அண்ணனோடது. அந்த அண்ணன்காரருகிட்டயே போய்க் கேட்டேன்.

"கால்ல எப்பிடி மாமா சாயம் ஏறும்?"

"கீழ சிந்தறத மிதிக்கறான் இல்ல?"

அதே தரையில வெறுங்காலோட நானும்தான் நூல் அலசறேன். எனக்கு ஏன் வரலைன்னா, பொம்பளைங்களுக்குத் தோல் கெட்டியாம். எப்பா, இன்னா அறிவு!

எங்க ரெண்டு பேருக்கும் எச்.ஐ.வி. இருக்கு. அவரால எனக்கு வந்தது. அதுக்கு அழுது முடிச்சிட்டேன். மாசாமாசம் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில மாத்திரை வாங்கறோம், நல்லாத்தான் இருக்கோம். அந்த மாசம் போனப்ப டாக்டரம்மாகிட்ட கையைக் காட்டுங்கன்னு சொன்னேன். ரெண்டு கையையும் அக்குள்ல இடுக்கிகினு நின்னாரு. நான் வாயைத் தொறந்தா, "சாயம் மேடம்"னு முந்திக்கினாரு. அந்தம்மாவும் மேசைக்கு அந்தப் பக்கமே உக்காந்துகினு தலையாட்டிட்டாங்க. வெளிய வந்து எனக்கு உபதேசம் வேற: "அதான் மாத்திரை சாப்பிடறேனே, எல்லாத்தையும் அது பாத்துக்கும்."

கொஞ்ச வாரத்துல புள்ளி தானா மறைஞ்சுது. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் காலரைத் தூக்கிவிட்டுகினதைப் பாக்கணுமே! மஞ்சள் எண்ணெய் ஜெயிச்சிடுச்சாம்.

ஒண்ணு சொல்லணும். கலர் சேக்கறதுல எங்க வீட்டுக்காரரை அடிச்சிக்க ஆள் இல்ல. துண்டுத் துணியைக் காட்டினா போதும், அச்சு அசலா அதே கலர்ல நூலை எடுத்துக் கொடுப்பாரு. அந்தக் கண்ணாலதான் எங்க வீட்டுல சோறு. அந்தக் கண்ணுலதான் அடுத்து புகை மூட்டம் போட்டுது. அண்ணன்காரரு உடனே கண்டுபிடிச்சாரு: "சாயக் கொப்பரை ஆவி அடிச்சிருக்கும்." தூ! நான் யாரையும் கேக்காம அவரை இழுத்துகினு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கண் டாக்டர் ரத்தம் பாத்துட்டு, மேகநோய்னு சொன்னாங்க, சிபிலிஸ். புள்ளி மறைஞ்சா நோய் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லியாம், உள்ள பதுங்கிக்குமாம். எச்.ஐ.வி. இருக்கிற உடம்புல சில பேருக்கு ஜல்தியா கண்ணுக்கும் மூளைக்கும் ஏறிடுமாம். நாங்க சாப்பிடற மாத்திரை இதைத் தொடவே தொடாதாம். மருந்து எல்லாருக்கும் போடற அதே பழைய பென்சிலின்தான். ஆனா கண்ணுல ஏறினதால வார்டுல படுக்க வெச்சி நரம்புல ஏத்தணும், அப்புறம் மத்தவங்களை விட அடிக்கடி ரத்தம் பாக்கணும்னாங்க. புள்ளி வந்தப்பவே வந்திருந்தா இடுப்புல ஊசியோட போயிருக்குமாம்.

எனக்கும் ரத்தம் பாத்தாங்க. எனக்கும் இருந்துது. ஒரு புள்ளி கூட வரலை. தோல்தான் கெட்டியாச்சே!

எங்க போய் வாங்கினு வந்தாருன்னு நான் கேக்கலை. பொய் கேட்டுகினு உக்கார எனக்கு நேரம் கிடையாது.

வார்டுல இருந்து வந்த பிறகு புகை விலகிடுச்சு. ஆள் தெரியுது, பஸ்ஸு தெரியுது. "கண்ணுல சாயம் தெறிச்சிடுச்சாமே?"ன்னு தெருவுல கேட்டா, ஆமாம்னு தலையாட்டறாரு. வெக்கம் கெட்ட ஜென்மம்.

போன வாரம் பட்டறையில ரெண்டு நூல் கழியை என் முன்னால நீட்டினாரு. அண்ணன் காதுல விழாம, "இதுல எது அரக்குச் சிவப்பு?"ன்னு கேட்டாரு.

"உங்களுக்குத்தான் சாயம் ஒத்துக்காதே, இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"ன்னு வெடுக்குன்னு சொல்லிட்டேன். அவரு ஜன்னல்கிட்ட போய் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சி, மாத்தி மாத்திப் பாத்துகினே இருந்தாரு.

ரெண்டும் பச்சை.