பெஹ்ரூஸ் கவிழ்ந்து படுத்த மழைக்காலம்

“ராத்தா, இப்ப மின்னுச்சா?” என்று பெஹ்ரூஸ் கேட்டபோது நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் யாங்கோனில் மின்னல் வெட்டுவது ஒரு செய்தியா? “மின்னியிருக்கும், சாப்பிடுங்க” என்றேன். மறுநாளும் அதையே கேட்டார். அன்று மழை விட்டு, துணி காயும் அளவுக்கு வெயில்.

பெஹ்ரூஸ் ஈரானியர், அபாதான் ஊர்க்காரர். தொழில்முறைக் கால்பந்தில் நடுக்கள ஆட்டக்காரர். 2010இல் இங்குள்ள ஒரு கழகம் அவரை ஒரு பருவத்துக்கு எடுத்திருந்தது. யாங்கோனின் தின்கன்ஜூன் பகுதியில் எங்கள் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தார். வளைகுடாவில் ஆடியபோது அவர் பழகிய உருதும், மதரஸாவில் நான் படித்த உருதும் எப்படியோ ஒத்துப்போயின. அதில்தான் பேசிக்கொள்வோம். மூத்த சகோதரியை எங்கள் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் அழைக்கும் “ராத்தா” என்ற சொல்லை மட்டும் தமிழிலேயே பிடித்துக்கொண்டார்.

ஓர் ஆட்டத்தில் நனைந்த பந்து அவர் முகத்தில் பலமாக அடித்திருந்தது. அதைப் பெரிதாக யாரும் நினைக்கவில்லை. மின்னலுக்குப் பிறகு கொசு வந்தது. இல்லாத கொசுவைக் கையை வீசி விரட்டுவார். இவருக்கு எங்கள் ஊர்க் கொசு ஒத்துக்கொள்ளவில்லை என்று நானும் கொசுவலையில் இருந்த ஓட்டையெல்லாம் தைத்துக் கொடுத்தேன். ஒருநாள் காலையில் டீக்குக் கை நீட்டியவர், இடது கண்ணில் கோப்பையின் பாதிதான் தெரிகிறது என்றார். பயந்துவிட்டேன். நகர மையத்தில், லத்தாவில் பொத்தான் கடை வைத்திருக்கும் என் கணவருக்குச் சொல்லியனுப்பி, மூவருமாகக் கண் மருத்துவமனைக்குப் போனோம்.

விழித்திரை விலகல் (கண்ணுக்குள் ஒளியை வாங்கும் மெல்லிய படலம் கிழிந்து, சுவரைவிட்டுப் பிரிவது) என்றார் மருத்துவர். பெண் மருத்துவரை பர்மாவில் ‘சயாமா’ என்போம். சயாமா அன்றே அறுவை செய்து, கண்ணுக்குள் வாயுக் குமிழ் ஒன்றை வைத்தார் (படலம் திரும்ப ஒட்டும்வரை அதை அழுத்திப் பிடித்திருக்க).

“வாயு மேலதான் போகும். கிழிசல் கண்ணுக்குப் பின்பக்கம் இருக்கு. முகம் தரையைப் பார்த்தாத்தான் பின்பக்கம் மேல வரும், குமிழ் போய் அழுத்தும். சாப்பிடுறது, தூங்குறது எல்லாம் கவிழ்ந்தே. தலையைத் தூக்கினா பிடி விட்டுடும்” என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, “வாயு கரையிறவரைக்கும் விமானம் கூடாது. உயரத்துல அது விரியும். கண்ணு போயிடும்” என்றார்.

இதை உருதுவில் நான் சொன்னதும் பெஹ்ரூஸின் முகம் செத்துப்போனது. காரணம் எனக்குத் தெரியும். ஓமான், கத்தார், ஈரானிலேயே எத்தனையோ ஊர்கள் என்று அடுத்தவர்களுக்காகவே ஆடியவர். சிறுவயதில் சுவரேறிப் பார்த்த சொந்த ஊர் அணி அவரை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. முப்பத்து மூன்று வயதில் இப்போதுதான் கூப்பிட்டிருந்தது. பருவம் தொடங்குவதற்குள் பயிற்சி முகாமுக்கு வந்துசேர வேண்டும். அந்த வயதில் இன்னொரு அழைப்பு வராது.

கணக்குப் பார்த்தோம். குமிழ் சொன்னபடி கரைந்தால் நேரத்துக்குப் போய்விடலாம். என் கணவர் கடைப் பலகையைத் தூக்கிவந்து முகம் நுழையும் அளவுக்கு வட்டமாகத் துளை போடவைத்தார். ஓரத்தில் பஞ்சு வைத்துத் தைத்தேன். இரண்டு மேசைகள்மேல் பலகையைப் போட்டு அவரைக் கவிழ்த்துப் படுக்கவைத்தோம். கஞ்சி, டீ எல்லாம் உறிஞ்சுகுழலில். தொழுகையும் படுத்தபடியே.

இந்த இடத்தில்தான் அவருடைய நல்ல வளர்ப்பு குறுக்கே வந்தது.

நோய் விசாரிக்க வராவிட்டால் எங்கள் ஆட்களுக்குத் தூக்கம் வராது. ஆரஞ்சும் பிஸ்கட் டின்னுமாகத் தெருவே மாடியேறியது. பெஹ்ரூஸின் நாட்டில், தெரியாமல் ஒருவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால்கூட மன்னிப்புக் கேட்பார்களாம். இவரோ வருகிறவர்களுக்கெல்லாம் முழு முதுகையும் காட்டிப் படுத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கி, நெஞ்சில் கைவைத்து, “முதுகைக் காட்டுறேன், மன்னிக்கணும்” என்பார். நான் கத்துவேன். படுத்துக்கொள்வார். அடுத்தவர் வருவார். நான் கீழே இருக்கும்போது எத்தனை முறை தூக்கினாரோ, அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

பரிசோதனையில் சயாமா நெடுநேரம் பார்த்தார். படலத்துக்கு அடியில் மறுபடியும் நீர் கோத்திருந்தது. இரண்டாவது அறுவை, புதிய குமிழ். முகாமுக்குப் போக வேண்டிய நாள் இந்தக் குமிழின் ஆயுளுக்குள் விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு டோ சேன், ஓய்வுபெற்ற பர்மிய ஆசிரியை, மரியாதை தெரிந்தவர். அவரையே திருப்பி அனுப்பினேன். மேலே பெஹ்ரூஸ், “வீட்டு வாசல்வரை வந்தவங்களை அனுப்பிட்டீங்களே ராத்தா” என்று புலம்பினார். வலியைவிட அது அவரை வாட்டியது.

என் கணவர் யோசித்தார். பிறகு லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தொந்தியும் தானுமாகப் பலகைக்கு அடியில் தவழ்ந்து, மல்லாந்து படுத்தார்.

“இப்ப யாருக்கு முதுகு காட்டுறீங்க?” என்று கீழிருந்து கேட்டார்.

துளைக்குள்ளிருந்து பெஹ்ரூஸ் சிரித்தது அறுவைக்குப் பிறகு அன்றுதான். “லாரிக்கு அடியில மெக்கானிக் படுத்த மாதிரி இருக்கு மச்சான்” என்றேன் நான். அன்று முதல் அதுவே சட்டம். பார்க்க வருகிறவர் பாய் விரித்துப் பலகைக்கு அடியில் படுக்க வேண்டும். டோ சேன்கூட, கொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்து நலம் விசாரித்தார். ஒருமுறைகூட அதன்பின் பெஹ்ரூஸ் தலையைத் தூக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படிக் கவிழ்ந்து கிடக்கலாம். அவர்களுடைய முதுகோடு பேசாதீர்கள். கழுத்து வலிக்கு ஒத்தடம் கொடுக்கலாம், நெற்றிப் புண்ணுக்கு மருந்து போடலாம். மனிதர்களின் முகம் பார்க்காமல் போகும் ஏக்கத்துக்கு நீங்கள்தான் கீழே இறங்க வேண்டும்.

ஒரு பிற்பகல், விமானச்சீட்டு எடுத்துத் தரும்படி என் கணவரிடம் பெஹ்ரூஸ் கடவுச்சீட்டைக் கொடுத்தார். அவர் திகைத்துப்போய் அதை என்னிடம் நீட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடியில் போய்ப் படுத்தேன். என் கணவர் கதவருகே உட்கார்ந்திருந்தார்.

“ஒரு கண்ணு போனா போகட்டும் ராத்தா. இன்னொன்னு இருக்கு. ஒரு ஆட்டம் போதும். அந்தச் சட்டையை ஒருதரம் போட்டுக்கிட்டா போதும்.”

“போங்க. நான் தடுக்கல. குருடாகி இறங்கினா அந்த மைதானத்துல பந்து எங்க இருக்குன்னு ஒங்களுக்கு யாரு சொல்லுவா?”

என் கன்னத்தில் சூடாக ஒரு துளி விழுந்தது. இன்னொன்று நெற்றியில். அவர் அழுதால் அது நேராக என்மேல்தான் விழ முடியும். நான் துடைத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அழுகை வந்தது, ஆனால் மல்லாந்து படுத்தவளின் கண்ணீர் காதுக்குள்தான் போகிறது. கடவுச்சீட்டை என் அலமாரியில் வைக்கச் சொன்னார்.

குமிழ் மெல்லச் சிறுத்தது. முதலில் பார்வை முழுவதையும் தண்ணீர் மாதிரி மூடியிருந்ததாம், பிறகு தட்டு, பிறகு கோலிக்குண்டு. ஒருநாள் அதுவும் இல்லை. முகாம் அதற்குள் முடிந்திருந்தது. ஆனால் அவர் ஊர்ப் பயிற்சியாளர் நல்ல மனிதர். பருவத்தின் பாதியில் வந்தாலும் இடம் உண்டு என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

இடது கண்ணில் வெளிச்சமும் ஆள் உருவமும் வந்திருந்தன. நேர்க்கோடுகள் நெளிந்தன. இனி ஆடலாமா என்று கேட்டபோது சயாமா, “பார்க்கிறது வேற, தூரம் கணிக்கிறது வேற” என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் என் கணவர் இடப்பக்கமிருந்து பந்தை உருட்டிவிட்டார். பெஹ்ரூஸ் காலை நீட்டினார். பந்து போய்விட்டது. மறுபடி உருட்டினார். மறுபடி போய்விட்டது. மழைச்சேற்றில் நெடுநேரம் இது நடந்தது. என் கணவர் வேண்டுமென்றே மெதுவாக உருட்டத் தொடங்கினார். அதை பெஹ்ரூஸ் கண்டுகொண்டார். பந்தைக் கையில் எடுத்து என்னிடம் வந்தார்.

“நடுக்களத்துல ஆடுறவன் பந்துக்கு முன்னாடியே அங்க இருக்கணும் ராத்தா. நான் எப்பவும் இருந்தேன். இப்ப பந்து வந்துட்டுப் போனதுக்கு அப்புறம்தான் நான் வர்றேன்.”

கால் கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

மாலையில் அபாதானுக்குத் தொலைபேசி போட்டார். பாரசீகம் எனக்குப் புரியாது. ஆனாலும் தனக்கான இடத்தைக் காத்து வைக்க வேண்டாம் என்று அவர் சொல்கிறார் என்பது அவருடைய தோள்களைப் பார்த்தே தெரிந்தது. அந்தப்பக்கத்து ஆள் நிறையப் பேசினார். இவர் ஓரிரு சொற்களில் முடித்துக்கொண்டார். பிறகு, நிமிர்ந்து உட்கார அனுமதி கிடைத்த ஒருவருக்குரிய கவனத்தோடு, நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார்.

“இன்னைக்கு என்ன கிழமை ராத்தா?”

“வெள்ளி.”

“எனக்குக் கிழமையே கிடையாது, தெரியுமா? ஆட்டத்துக்கு மூணு நாள் இருக்கு, ரெண்டு நாள் இருக்கு, நாளைக்கு ஆட்டம். பதினைஞ்சு வருஷமா அவ்வளவுதான்” என்றார். “வெள்ளியா” என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் விளக்கைப் போட்டேன். அந்த வெள்ளிக்கிழமை எதற்கும் முந்தைய நாளாக இல்லை.