கணினிக்குள் ஆறவைத்த காந்தங்கள்

காந்தத்தைக் கையால் தொடாமலே காந்த ஆராய்ச்சி செய்து வயதாகிற தொழில் எங்களுடையது. கணினிக்குள் ஒரு காந்தத்தை உண்டாக்கி, அதில் மாசைத் தூவி, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எந்த வெப்பநிலையில் அதன் குணம் மாறுகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எதையாவது ஓடவிட்டுவிட்டுத் திரையையே வெறித்துக்கொண்டிருக்கும் அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள். அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இதெல்லாம் நடந்தபோது என் கவலை ஒன்றே ஒன்று. நெறியாளர் ஓய்வு பெறுவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும். திருவனந்தபுரத்தில் எனக்குத் தெரிந்து இந்த மாதிரிக் காந்தங்களில் வேலை செய்கிறவர் அவர் ஒருவர்தான்.

அம்மாவுக்கு விளக்கியது

வலியசாலை வீட்டில் அம்மா புளி கரைத்துக்கொண்டே, இத்தனை வருஷமாக அங்கே என்னதான் செய்கிறாய் என்று கேட்டாள். நானும் சிரத்தையாக விளக்கினேன். காந்தத்துக்குள் குட்டிக் குட்டிக் காந்தங்கள் இருக்கின்றன. சுத்தமானதாக இருந்தால் குளிர்ந்ததும் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடும். மாசு கலந்துவிட்டால் பக்கத்தில் இருப்பது ஒரு பக்கம் இழுக்கும், மாசு இன்னொரு பக்கம் இழுக்கும். கடைசியில் ஒரு முடிவுக்கு வருமா, வராதா என்பதுதான் என் ஆராய்ச்சி என்றேன்.

அம்மா புளிச்சக்கையைப் பிழிந்து போட்டுவிட்டுச் சொன்னாள்: "இதைக் கண்டுபிடிக்கவாடி கம்ப்யூட்டர்? நம்ம கோவில் கமிட்டி மீட்டிங்ல செத்த நேரம் ஒக்காந்திருந்தாப் போறுமே."

துலாவர்ஷ இடி

மாசுக் காந்தத்தை அவசரமாகக் குளிரவைத்தால் ஏதோ ஒரு அரைகுறை நிலையில் மாட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். அதனால் வாரக்கணக்கில் ஆறவைக்க வேண்டும். துலாவர்ஷத்தில், அதாவது ஐப்பசி மழைக்காலத்தில், இங்கே மத்தியானம் தாண்டினால் இடி. எங்கள் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் சசி அண்ணன், பாறசாலைக்காரர், முதல் இடிக்கே எல்லாவற்றையும் அணைத்துவிட்டார். பாதியில் சேமித்து வைத்திருந்ததும் கெட்டுப்போனது. மறுநாள் என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், வரிசையில் கிடந்த என் வேலைகள் அத்தனையையும் மற்றவர்களுக்கு முன்னால் ஒரே அடியாகத் தொடங்கிக் கொடுத்தார்.

அப்படியும் நான் முணுமுணுத்ததைக் கேட்டு அவர் சொன்னது: "மிஷின் போனா என் ஜோலி போகும் மேடம். உங்க காந்தம் போனா வேற உண்டாக்கலாமல்லோ."

அழகான வரைபடம்

ஒரே ஒரு காந்தத்தை வைத்துக்கொண்டு எங்களால் எதுவும் சொல்ல முடியாது. மாசு ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் விழுந்த நூறு காந்தங்களை ஆறவைத்துச் சராசரி எடுக்க வேண்டும். விடைகள் ஆளுக்கொரு திசையில் சிதறும். அந்தச் சிதறலில்தான் என் வருஷங்கள் போயின. இந்த முறை நூறும் ஏறக்குறைய ஒரே விடையைச் சொல்லின. நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நாகர்கோவில்காரரான நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு படம் பாத்ததில்ல மக்களே. நான் போறதுக்குள்ள நீ கரையேறிட்டே."

அட்டைப்படம்

ஆய்வேடு கொடுத்தாகிவிட்டது. நூலகப் பிரதிக்கு ஓர் அட்டைப்படம் செய்யலாம் என்று இரண்டு காந்தங்களில் மாசு விழுந்த இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தேன். இரண்டும் ஒரே படம். கோப்பை மாற்றித் திறந்துவிட்டேன் என்று மூன்றாவதை வரைந்தேன். அதுவும் அதே படம். உடனே நிரலைத் திறந்து பார்த்தேன்.

நிரல் எங்கள் சீனியர் ஒருவர் எழுதி வைத்துப் போனது. மாசை எங்கே தூவுவது என்பதை அது அந்த நொடியின் கடிகார நேரத்தைக் கொண்டு முடிவு செய்யும். முன்பெல்லாம் வேலைகள் கணினியில் இடம் கிடைக்கக் கிடைக்க ஒவ்வொன்றாகத் தொடங்கியதால் மாசும் வேறு வேறாக விழுந்தது. இடிக்கு மறுநாள் நூறும் ஒரே நொடியில் தொடங்கியிருந்தன. நான் ஒரே காந்தத்தை நூறு தடவை ஆறவைத்திருக்கிறேன். பிறகு ஏன் ஒத்துப்போகாது?

நெறியாளரிடம் சொன்னேன். அவருக்கு அன்று மாலை பிரிவுபசாரம். வராந்தாவில் வடை வாசனை வந்துகொண்டிருந்தது. வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது, நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் என்றேன். அந்தப் பதிலைச் சொல்லும்போது, அப்படியே விட்டுவிடு என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று மனசு கிடந்து தவித்தது உண்மை.

அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "அப்போ தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இருக்கோம்லா மக்களே. வாபஸ் வாங்கிரு."

எங்கள் தொழிலில் விடைகள் ஒத்துப்போகாவிட்டால் அழ வேண்டும், ஒத்துப்போனால் பயந்து சாக வேண்டும், இரண்டும் முடிந்த பிறகு காந்தமே தெரியாத புது நெறியாளருக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்க வேண்டும்.