கல்லோடு சேர்த்து வாங்கிய வீடு

வீடு பார்க்கப் போனால் நான் கேட்கும் முதல் கேள்வி, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதுதான். தாராவியில் பிறந்து, கல்யாணமாகி செம்பூருக்கு வந்தவளுக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்? பம்பாயிலிருந்து கோவா போகும் ரோட்டில், போலாத்பூருக்கு மேலே, மலைப்பாதை ஏறத் தொடங்கும் சிற்றூரில், கொட்டுகிற மழையில் குடையோடு அந்த ஓட்டு வீட்டின் முன்னால் நின்றபோதும் அதைத்தான் கேட்டேன். புரோக்கர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் பாறையிலிருந்து தண்ணீர் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. எதிர்மலையில் மராட்டியர் காலத்துக் கோட்டை ஒன்று மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. "ஃபோர்ட் வியூ" என்றார் அவர், கோட்டையையும் சேர்த்தே விற்கிறவர் போல.

மலையில் வீடு என்கிற ஆசை என் வீட்டுக்காரருடையது. தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருந்தவர். வருஷத்துக்கு ஒரு முறை வேலையாட்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு இந்த மலைப்பக்கம் பிக்னிக் வருவார். திரும்பி வந்து பத்து நாளைக்கு அதே பேச்சாக இருக்கும். "ஏட்டி, அங்க ஒரு வீடு வாங்கிப் போடணும்" என்பார். "முதல்ல பாத்ரூம் கதவைச் சரி பண்ணுங்க" என்பேன் நான். இப்படியே முப்பது வருஷம் ஓடிவிட்டது. பட்டறையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டார். வாஷியில் என் ஆபீஸ் வேலையும் முடிந்தது. சாக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

மகாராஷ்டிரத்தில் விவசாயி அல்லாதவர் விளைநிலம் வாங்க முடியாது. ஊருக்குள் இருக்கும் பழைய வீடுகள்தான் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும். நாங்கள் பார்த்த முதல் வீட்டில் வௌவால்கள் குடும்பம் நடத்தின. இரண்டாவது வீட்டுக்கு ஐந்து அண்ணன் தம்பிகள் சொந்தக்காரர்கள். நாலு பேர் சரி என்றார்கள், ஐந்தாமவர் போனையே எடுக்கவில்லை. இந்த மூன்றாவது வீடு பம்பாயில், பாண்டுப்பில் ஆட்டோ ஓட்டும் ஒருவருக்குச் சொந்தம். வாங்க வேண்டுமானால் நேரில் வந்து பேசுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பாண்டுப்பில் மேட்டின்மேல் அவருக்கு ஒரே ஒரு அறையும் சமையலறையும். அவர் மனைவி அவலும் டீயும் கொடுத்தார். ஆட்டோக்காரர் பேசியது பம்பாய் இந்திதான். ஆனால் எனக்கு அது தமிழாகவே ஞாபகத்தில் நிற்கிறது.

"வீட்டுக்குப் பின்னாடி அத்தி மரத்தடியில ஒரு கல் இருக்கே, பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். எல்லைக்கல் என்று நினைத்து அதன்மேல்தான் என் ஈரக்குடையைச் சாய்த்து வைத்திருந்தேன். அதை நான் சொல்லவில்லை.

"அது எங்க குலதெய்வம். ஹோலிப் பௌர்ணமி அன்னைக்குக் குடும்பத்தோட போய் செந்தூரம் பூசி, தேங்காய் உடைப்போம். பிள்ளைங்க அங்க வாழமாட்டாங்க, அதனால வீட்டை விக்கிறேன். கல்லை விக்கல. அந்த ஒரு நாள் மட்டும் எங்களை உள்ள விடணும்."

எங்களுக்கு முன்னால் வந்த ஒருவர் கல் இருக்கும் இடத்தில் நீச்சல் குளம் கட்ட வேண்டும் என்றாராம். அவருக்கு விற்க இவர் மறுத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் எழுந்து போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சட்டென்று உணர்ச்சிவசப்படுகிற ஆள் இல்லை அவர். ஆனால் இந்த விஷயம் அவருக்கு ரத்தத்தில் ஊறியது. எங்கள் குலதெய்வமான சாஸ்தாவின் கோயில் நாங்குநேரிக்குத் தெற்கே இருக்கிறது. கோயில் என்றால் நாலு சுவரும் ஒரு ஓலைக்கூரையும்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் எந்தச் சீமையில் இருந்தாலும் பங்குனி உத்திரத்துக்குத் தங்கள் சாஸ்தாவிடம் போய் நின்றாக வேண்டும். எங்கள் சாஸ்தாவைச் சுற்றியிருந்த நிலத்தைக் காற்றாலை வைக்க ஒருவர் வாங்கி, வேலி போட்டு, கேட்டைப் பூட்டிவிட்டார். போன வருஷம் நாங்கள் போனபோது வாட்ச்மேன் சென்னைக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். முதலாளி எடுக்கவே இல்லை. உச்சி வெயில்வரை காத்திருந்துவிட்டு ரோட்டோரத்திலேயே பொங்கல் வைத்துத் திரும்பினோம். நான் அந்தக் கேட்டுக்கு முன்னால் நின்று மண்ணை வாரித் தூற்றினேன். எவன் பூட்டினானோ அவன் விளங்கமாட்டான் என்று வாய்விட்டே சொன்னேன். எனக்கு அப்படி ஒரு வாய்.

ஆகவே ஆட்டோக்காரருக்கு வாக்குக் கொடுக்க எங்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "ஹோலிக்கு நாங்களே அங்க வந்து இருப்போம், உங்களுக்குச் சமைச்சுப் போடுவோம்" என்று நான் சொன்னேன். அவர் மனைவி என் கையில் ஒரு தேங்காயை வைத்து, நெற்றியில் குங்குமம் இட்டார்.

பத்திரம் பதிந்து, ஐப்பசியில் பால் காய்ச்சினோம். மழை நின்று கோட்டை துல்லியமாகத் தெரிந்தது. நான் கேட்ட கேள்விக்கும் விடை தெரிந்தது. தை மாதத்தில் பாறையில் ஒரு சொட்டு இல்லை. கிணற்றில் இறைக்க வேண்டியிருந்தது. திட்டிக்கொண்டேதான் இறைத்தேன். ஆனால் காலையில் டீயோடு அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. இந்த மனுஷர் முப்பது வருஷம் கேட்டது சும்மா இல்லை என்று எனக்கே தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தலைகால் புரியாது.

அந்த வீட்டில் நாங்கள் இல்லாத நாட்களில் குரங்குகள் ஓட்டைப் பிரித்தன, மாடுகள் முற்றத்தில் படுத்தன. சுற்றிலும் இடுப்புயரக் கற்சுவர் மட்டும்தான், முன்பக்கம் திறப்பாகவே இருந்தது. பம்பாய்க்காரன் வேறு என்ன செய்வான்? சுவரை உயர்த்தி, இரும்புக் கேட் போட்டோம். பூட்டைச் செம்பூர் மார்க்கெட்டில் நான்தான் தேர்ந்தெடுத்தேன். கடைக்காரரிடம் இதைவிடப் பெரியது இல்லையா என்று கேட்டு வாங்கினேன்.

எங்கள் சமையலறையில் ஒரே ஆணியில் இரண்டு காலண்டர்கள் தொங்கும். முன்னால் தமிழ்த் தினசரிக் காலண்டர், பின்னால் மராட்டி மாதக் காலண்டர். பங்குனி உத்திரத்துக்கு டிக்கெட் போட என் வீட்டுக்காரர் முன்னால் இருந்ததைப் பார்த்தார். ஹோலி எப்போது என்று பின்னால் இருந்ததை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. சில வருஷங்களில் இரண்டும் ஒரே பௌர்ணமியில் வந்துவிடும். இது அப்படிப்பட்ட வருஷம்.

ரயிலில் வண்ணப்பொடி பூசிய பிள்ளைகளைப் பார்த்திருந்தாலாவது உறைத்திருக்கும். நாங்கள் அதற்கெல்லாம் முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

உத்திரத்தன்று காலை, பொங்கல் பானையும் பூவுமாக எங்கள் சாஸ்தாவின் கேட்டுக்கு முன்னால் நின்றோம். அதே பூட்டு, அதே வாட்ச்மேன். "சென்னைக்குப் போன் அடிச்சிருக்கேன், இப்பம் கூப்பிடுவாவ" என்றார். அப்போது என் போன் அடித்தது. பாண்டுப் ஆட்டோக்காரர். பத்திரம் பதிந்த நாளிலிருந்து அவருக்கு நான் பாபி, அண்ணி; எனக்கு அவர் பாய், அண்ணன்.

"பாபி, நாங்க குடும்பத்தோட வந்திருக்கோம். கேட் புதுசா இருக்கு. பூட்டியிருக்கு. நீங்க உள்ள இருக்கீங்களா?"

அவர் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். சாவி செம்பூரில் ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. போன வருஷம் தூற்றிய மண் என் தலையிலேயே வந்து விழுந்தது போல இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பூவோடு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"பூட்டை உடைச்சிருங்க பாய்" என்றேன்.

"அது எப்படி பாபி? இப்ப வீடு உங்களுது. ஊர்க்காரங்க பாக்குறாங்க. பரவாயில்ல, நாங்க வெளியிலேயே தேங்காய் உடைச்சுட்டுப் போறோம்."

போன வருஷம் இதே இடத்தில் என் வீட்டுக்காரர் வாட்ச்மேனிடம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். பரவாயில்ல, வெளியவே வச்சுக்கிடுதோம்.

நான் போனை என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் கறுத்துப்போயிருந்தது. அவர் தன் உடைந்த இந்தியில் நிதானமாகச் சொன்னார்: "பூட்டு என்னுது. உள்ள இருக்கிறது உங்களுது. உடைக்கலேன்னா நான் அந்த வீட்டுக்குள்ள இனிமே கால் வைக்கமாட்டேன். போனை வைக்காதீங்க, நான் கேக்கணும்."

ஸ்பீக்கரைப் போட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மராட்டியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு இரும்பில் கல் மோதும் சத்தம் கேட்டது. நான் பார்த்துப் பார்த்து வாங்கிய பெரிய பூட்டு, லேசில் உடையவில்லை. ஒவ்வொரு அடிக்கும் என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா சத்தம்?" என்று வாட்ச்மேன் கேட்டார்.

"என் வீட்டுல சாமி கும்பிட வந்திருக்காவ. பூட்டை உடைக்காவ" என்றார் என் வீட்டுக்காரர்.

வாட்ச்மேன் எங்களைப் பார்த்தார். பிறகு திரும்பித் தன் பூட்டைப் பார்த்தார். சென்னையிலிருந்து இன்னும் போன் வரவில்லை.