யாரும் கேள்வி கேட்டுவிடக் கூடாது

எனக்குப் பயம் வந்தால் முதலில் பாதம் சில்லிடும், அப்புறம்தான் மூளைக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை காலை, கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஹோட்டல் ஹாலில் மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அப்படித்தான் சில்லிட்டது. எங்கள் மேலாளர் அப்போதுதான் என்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, வடை வந்துவிட்டதா என்று பார்க்கப் போயிருந்தார்.

விஷயத்துக்கு முன் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். அச்சுக்குப் போகும் முன் படங்களுக்கும் பக்கங்களுக்கும் கலர் பிரிக்கிற சாஃப்ட்வேர் ஒன்றைப் பெங்களூரில் நாங்கள் விற்றுக்கொண்டிருந்தோம். வாங்க வேண்டியவர்கள் எல்லாரும் அந்தத் தொழிலிலேயே ஊறிப்போனவர்கள். அவர்களிடம் போய் எங்கள் சரக்கு பிரமாதம் என்று சொன்னால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். அதனால் கம்பெனி வேறு வழி பிடித்தது. விளம்பரம் கிடையாது. மாதாமாதம் உபயோகமான குறிப்புகளை ஒரு தாளில் அச்சிட்டு அனுப்புவோம். அவ்வப்போது இலவசக் கூட்டம் போட்டு, தொழிலில் தலைவலி தரும் ஏதாவது ஒன்றை எடுத்து விளக்குவோம். நம்பிக்கை வந்தால் தானாக வாங்குவார்கள் என்பது கணக்கு. தாளை எழுதுவதும் கூட்டத்தில் பேசுவதும் நான்.

கணக்கு பலிக்கவில்லை. தாளை எல்லாரும் படித்தார்கள், கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை, ஆனால் சாஃப்ட்வேரை வாங்கியவர்கள் நாலே பேர்.

அன்றைய தலைப்பு வெள்ளைக் கோடு. சிவப்பும் பச்சையும் ஒட்டி நிற்கும் இடத்தில், மெஷினில் தாள் மயிரிழை நகர்ந்தாலும் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். கூரையில் ஓட்டின்மேல் ஓடு ஏறி நிற்பதுபோல ஒரு நிறத்தை இன்னொன்றின் அடியில் கொஞ்சம் நீட்டிவிட்டால் கோடு தெரியாது. எங்கள் சாஃப்ட்வேர் அதைத் தானே செய்யும். ஆனால் இலவசமாகக் கொடுத்த மாதிரி சிடியில் அந்த வசதி இல்லை. முழுசாக வாங்கியவர்களுக்கு மட்டும்தான்.

மேலாளர் மெட்ராஸ்காரர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். அவர் சொன்னது இதுதான்: “இன்னிக்கு நான் பின்னாடி உக்காந்துக்கறேன் மேடம். வாங்கின நாலு பேர் மூஞ்சி எனக்குத் தெரியும். அவங்களத் தவிர எவனாவது எழுந்து அந்த ஆப்ஷனப் பத்திப் பேசினான்னா, திருட்டு காப்பி வெச்சிருக்கான்னு அர்த்தம். திங்கக்கிழமை வக்கீலோட அவன் கடையில நிப்போம். நீங்க டாபிக்க மட்டும் தொட்டு விடுங்க, டவுட்டு தானா வரும். எலிப்பொறியில மசால் வடை வெக்கற மாதிரிதான்.”

சிவாஜிநகரில் இரண்டு கம்ப்யூட்டர் போட்டு ஒரு சின்னக் கடை வைத்திருந்தான் என் அண்ணன். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், மருந்து டப்பா அட்டை என்று கலர் வேலை. காக்ஸ் டவுனில் அண்ணியும் இரண்டு குழந்தைகளும் அம்மாவும் சாப்பிட்டது அந்தக் கடையால்தான். அவனிடம் இருந்தது எங்கள் சாஃப்ட்வேரின் திருட்டு காப்பி. எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். வீட்டில் அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அன்றைய கூட்டத்துக்கு அவன் வருவதாகச் சொல்லியிருந்தான்.

ரிசப்ஷனுக்கு ஓடிப்போய்க் கடைக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. செல்போன் அப்போது மேலாளர்கள் இடுப்பில்தான் இருந்தது, அண்ணன்களிடம் இல்லை. திரும்பி வந்தால் அவன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான், இஸ்திரி போட்ட சட்டையில், என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியபடி. அவனிடம் போக இரண்டடி வைத்தேன். மேலாளர் மைக்கை என் கையில் கொடுத்து, “ஆரம்பிச்சுடலாமா?” என்றார்.

ஆண்டவரே, இவன் வாயைக் கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஆரம்பித்தேன். வெள்ளைக் கோடு என்று சொல்லி வாய் மூடவில்லை, அண்ணன் முன்னால் சாய்ந்தான். ஏதோ கேட்கப் போகிறான் என்று அவன் புருவத்திலேயே தெரிந்தது. பக்கவாட்டில் வேறொருவர் கை பாதி உயர்ந்திருந்தது.

கேள்வி வருவதற்குள் பதிலைச் சொல்லிவிட்டால் யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லையே என்று எனக்கு அப்போது தோன்றியது. பேச ஆரம்பித்தேன். அந்த வசதி எந்த மெனுவில் இருக்கிறது, எவ்வளவு நீட்ட வேண்டும், கறுப்புக்கு என்ன, சின்ன எழுத்துக்கு என்ன, முகத்தின் தோல் நிறத்துக்கு என்ன, எங்கே தவறு வரும், வந்தால் எப்படிச் சரிசெய்வது. உயர்ந்த கை இறங்கியது. எல்லாரும் எழுத ஆரம்பித்தார்கள். “மேடம், ஸ்வல்ப நிதானா!” என்று ஒரு கன்னடக்காரர் கெஞ்சினார். நிதானித்தால் யாராவது வாயைத் திறப்பார்களே! மூச்சு விடாமல் போனேன். அந்தக் கம்பெனியில் நான் அவ்வளவு உருப்படியாக வேறு எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. பின்வரிசையில் மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தயார் செய்து வந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. நிறுத்தப் பயம். தெரிந்தது, பாதி தெரிந்தது, எங்கோ படித்தது என்று எல்லாவற்றையும் எடுத்து விட்டேன். கடைசியில் தங்க மையைத் தொட்டேன். அதையும் வெளிர் நிறம் மாதிரிதான் வைத்துக்கொள்ள வேண்டும், பக்கத்து நிறத்துக்குள் நீட்டிவிடலாம் என்றேன்.

அண்ணன் எழுந்து நின்றான்.

“தங்க மை அப்படி இல்லீங்க மேடம்” என்றான். சபையில் என்னை மேடம் என்று கூப்பிடுவதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். “அது அடியில இருக்கறத மறைச்சிடும். பக்கத்து கலரத்தான் அதுக்கு அடியில தள்ளணும். அந்த ஆப்ஷன் பாக்ஸ்லயே கீழ ஒரு டிக் இருக்கு பாருங்க, அதப் போட்டா போதும், சாஃப்ட்வேரே திருப்பிக்கும். கல்யாணப் பத்திரிகைக்கு டெய்லி அதத்தான் பண்றேன்.”

ஹால் முழுக்கத் தலையாட்டியது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்திய தவளை நான், கெட்டது அவன். மேலாளர் எழுந்து நிதானமாக முன்வரிசைக்கு வந்து அவன் கையைக் குலுக்கினார். “ரொம்ப யூஸ்ஃபுல்லா சொன்னீங்க சார். உங்க கார்டு கிடைக்குமா?” அண்ணன் பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்து இரண்டு கைகளாலும் கொடுத்தான்.

கூட்டம் முடிந்து அவன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். வழியெல்லாம் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தான். யாரோ பெரிய பிரஸ்காரர் அவனைத் தேடி வந்து பேசினாராம். அல்சூர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினான். மேலாளர் காலையில் சொன்னதை, வக்கீல் உட்பட, அப்படியே சொன்னேன். அழுகையும் வந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“காலையிலதான் சொன்னாரு. கடைக்குப் போன் பண்ணேன். நீ கிளம்பிட்டே.”

“அதுக்குத்தான் அவ்ளோ நேரம் மூச்சு விடாம பேசினியா?”

ஆமாம் என்றேன்.

“தங்க மைய மட்டும் விட்டிருக்கலாமேடி” என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு கிக்கரில் கால் வைத்து உதைத்தான். கால் வழுக்கியது. மறுபடி உதைத்தான், மறுபடியும் வழுக்கியது. குனிந்து பார்த்தேன். அவன் முழங்காலுக்குக் கீழே பேண்ட் துணி நடுங்கிக்கொண்டிருந்தது. என் அண்ணன் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. அப்பா இறந்த அன்றுகூட ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் நின்று பேசியவன் அவன்தான்.

அவன் இறங்கி நின்றான். “நீ ஓட்டு” என்றான். “வீட்டுக்கு வேணாம். கடைக்குப் போ. திங்கக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் அழிக்கணும்.”

ரோட்டில் அவன் என்னை அந்த வண்டியைத் தொடவிட்டதே இல்லை. நான் முன்னால் ஏறி உட்கார்ந்து உதைத்தேன், கிளம்பிவிட்டது. அவன் பின்னால் ஏறி, சின்னப் பிள்ளை மாதிரி என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டான். சிவாஜிநகர் போய்ச் சேரும்வரை விடவில்லை.