மூன்று நாள் பெட்டி

இத்தாலியில், பலெர்மோவில் நான் செய்த ஏழாவதோ எட்டாவதோ வேலை அது. ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் கோடை முழுக்கச் சட்டி கழுவினேன். குளிர் வந்ததும் வேலை நின்றது. ஒரேத்தோவில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்தும் இலங்கையில் மன்னாரைச் சேர்ந்த அக்கா ஒருவர் சமையலுக்கு ஆள் தேடுவதாகக் கோயில் வாசலில் யாரோ சொன்னார்கள். போனேன். கப்பலில் இரண்டு வருடம் சமைத்ததைச் சொன்னேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காப்பகத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள். எல்லாம் வீட்டு வேலைக்குப் போகும் எங்கள் ஆட்களின் பிள்ளைகள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெற்றோர் தனியாகக் காசு கட்ட வேண்டும். நான்கு தாய்மாரால் அது முடியவில்லை. அரசின் உணவுத் திட்டத்தில் காப்பகம் சேர்ந்துவிட்டால் பிள்ளைகள் சாப்பிடும் ஒவ்வொரு சாப்பாட்டின் செலவும் திரும்பி வரும். சேராவிட்டால் அந்த நான்கு பிள்ளைகளும் காப்பகத்தை விட்டுப் போக வேண்டியதுதான். அக்கா இதைத் தாய்மாரிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

சேர்வது ஒரு கடிதம் எழுதிப் போடுகிற காரியமில்லை. காப்பகத்தின் பதிவுப் பத்திரம், குசினியின், அதாவது சமையலறையின், வரைபடம், சமைப்பவருக்குச் சுகாதாரப் பயிற்சி. பொலிதேயாமா பக்கம் ஓர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கோப்பிக் கடைக்காரர்களோடு உட்கார்ந்து, கோழியை எத்தனை பாகையில் வேகவைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சோதனையில் சரியான விடைக்கு நேரே புள்ளடி போட்டால் போதும் என்பதால் தப்பினேன். அடுத்தது நான்கு கிழமைக்கான, அதாவது ஒரு மாதத்துக்கான, உணவுப் பட்டியல். பருப்பும் சோறும் சேர்க்கலாமா என்று அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். அது எங்கள் பட்டியலிலும் இருக்கிறதே என்றார் திட்டத்தின் உணவு ஆலோசகர். வெள்ளிக்கிழமை மீன். சைவக்காரப் பிள்ளைகளுக்கு அன்றைக்குக் கடலை. அதற்குப் பெற்றோர் கையெழுத்திட்ட தனிப் படிவம். முடிவு வருவதற்கு முன்பே எல்லாம் திட்டத்தின் விதிப்படி நடக்க வேண்டும். வரவேட்டில் காலையில் புள்ளடி போடக்கூடாது, பிள்ளை தட்டின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் போட வேண்டும். முதல் கிழமை அக்கா காலையிலேயே போட்டுவிட்டு, காய்ச்சல் என்று பதினொரு மணிக்குத் தாய் தூக்கிக்கொண்டு போன பிள்ளையின் பெயரைச் சிவப்புப் பேனையால் வெட்டினார்.

பிறகு அந்தப் பெட்டி. ஒவ்வொரு நாளும் பரிமாறுவதற்கு முன் ஒரு பிள்ளையின் பங்கை எடுத்துப் பெட்டியில் மூடி, திகதி எழுதி, பிரிட்ஜில் மூன்று நாள் வைக்க வேண்டும். யாரும் தொடக்கூடாது. நாள் கழிந்ததும் எறிய வேண்டும். எறிவதற்கென்று சோறு சமைத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முதல் பெட்டியை எறிந்த அன்று கொஞ்ச நேரம் குப்பை வாளியின் முன்னால் நின்றேன். பிறகு பாத்திரம் கழுவப் போனேன்.

இன்னொன்றும் மாறியது. முன்பு மத்தியானம் யார் வந்தாலும் சோற்றுப் பானையில் ஒரு தட்டுச் சாப்பாடு இருக்கும். பிள்ளையைத் தூக்க வரும் தாய்மார் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு போவார்கள். திட்டத்தில் பெரியவர்களுக்குச் சாப்பாடு கிடையாது. அளந்து நிறுத்துச் சமைத்ததால் பானையில் மிச்சமும் இல்லை. நானும் அக்காவும் வீட்டிலிருந்து பாண் கொண்டுபோனோம்.

ஒரு வியாழக்கிழமை இரண்டு மணிக்கு ஒருத்தி மகனைக் கூட்டிப்போக வந்தாள். சொன்னேனே, நான்கு தாய்மார், அவர்களில் ஒருத்தி. விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டு சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் இரண்டு இத்தாலிய எசமானிகளின் வீடுகளைத் துடைத்துவிட்டு வருகிறவள். வந்தவள் பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன தங்கச்சி, சாப்பிட்டனியே?"

"கோப்பி குடிச்சனான் அண்ணை. காணும்."

அக்கா உள்ளே பிள்ளைகளைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார். நான் பிரிட்ஜைத் திறந்து அன்றைய பெட்டியை எடுத்தேன். பருப்பும் சோறும். சூடாக்கிக் கொடுத்தேன்.

"இது ஆற்றை சாப்பாடு?"

"ஒருத்தற்றையும் இல்லை. எறியிற சாப்பாடு. தின்."

தின்றாள். பெட்டியைக் கழுவித் துடைத்து, திகதித் துண்டோடு அது இருந்த இடத்திலேயே வைத்தேன். ஏன் அப்படி வைத்தேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். பெட்டியின் இடம் அதுதான் என்றேன்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல், பரிசோதகர் வந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். தலைகளை எண்ணினார், புள்ளடிகளை எண்ணினார். இரண்டும் சரி. பிரிட்ஜுக்குள் வெப்பமானியை வைத்தார். புதன்கிழமைப் பெட்டி சரி. வியாழக்கிழமைப் பெட்டியை எடுத்தவர் கையில் பாரமில்லாததை உணர்ந்து மூடியைத் திறந்தார். உள்ளே பளிச்சென்று இருந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு இத்தாலிய மொழியில், பிரிட்ஜில் ஏதோ கோளாறு என்று தொடங்கினார். நான் குறுக்கிட்டு, பசித்த ஒரு தாய்க்குக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

பரிசோதகர் கோபப்படவில்லை. அவளுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். உடனே கேட்டுச் சொல்லச் சொன்னார். அக்கா அவளுக்குப் போன் எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். சிஞ்ஞோரா வீட்டில் நின்றவள், அலுவலகக் குரல் ஒன்றைக் கேட்டதும், வதிவிட அனுமதிப் பத்திரமான பெர்மெஸ்ஸோ கைப்பைக்குள் இருக்கிறது, காலாவதியாகவில்லை என்றாள். பரிசோதகர் வயிற்றுவலி உண்டா, வாந்தி உண்டா என்று விசாரித்தார். இல்லை, சாப்பாடு நன்றாக இருந்தது என்றாள். என்ன நடந்தது என்று கேட்டாள். காப்பகத்தின் விண்ணப்பம் சம்பந்தமான பரிசோதனை என்று பரிசோதகர் விளக்கிவிட்டுப் போனை அக்காவிடம் கொடுத்தார்.

பிறகு என்னிடம் சொன்னார்: "இன்று இரவு பத்துப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனால், காரணம் சோறா தண்ணீரா என்று அந்தப் பெட்டியைத்தான் கேட்க முடியும். அந்தப் பெண்ணின் வயிற்றைத் திறந்து பார்க்க முடியாது." அது நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. விண்ணப்பத்தை நிராகரிக்கவில்லை, நிறுத்தி வைத்தார். பதினைந்து நாளில் மறுபடி வருவார். அன்றும் பிழை இருந்தால் அடுத்த வருடம்தான்.

அவர் போனதும் அக்கா கதவைச் சாத்தினார்.

"தம்பி, கப்பல்லையும் இப்பிடித்தான் விசர் வேலை பாத்தனியோ?"

"கப்பல்லை பெட்டி இல்லை அக்கா. ஆருக்கும் வயித்தாலை போனால் சமையல்காரனுக்குப் பேச்சு விழும். அவ்வளவுதான்."

"அந்த நாலு பிள்ளையளையும் நீயே வைச்சுப் பார். உன்ரை கப்பலிலை ஏத்து."

சிரிக்காமல்தான் சொன்னார். ஆனால் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. சுகாதாரப் பத்திரம் என் பெயரில் இருந்தது.

பதினைந்து நாளும் பெட்டிகள் நிறைந்தபடி இருந்தன. நாள் கழிந்தவற்றை எறிந்தேன். இரண்டாம் முறை பரிசோதகர் எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்து, விண்ணப்பத்தை மேசையில் வைத்துக் கையெழுத்திட்டார். காப்பகம் திட்டத்தில் சேர்ந்தது. நான்கு பிள்ளைகளும் காப்பகத்திலேயே இருந்தார்கள். அக்கா அன்று எல்லோருக்கும் கேக் வெட்டினார், படிவத்தில் எழுதாமல், குசினிக்கு வெளியே.

அந்தத் தாய் கேக் வெட்ட வரவில்லை. பரிசோதகர் போனில் விசாரித்த அடுத்த திங்கட்கிழமையிலிருந்தே அவள் இரண்டு மணிக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். மூன்றரைக்கு வருகிறாள். வெளிவாசல் படலைக்கு அப்பால் நின்று மகனின் பெயரைக் கூப்பிடுகிறாள்.

"உள்ளுக்கு வாவன் பிள்ளை," என்பார் அக்கா.

"இல்லை அக்கா, பஸ் வந்திடும்."

அந்தத் தெருவில் பஸ் நான்கு மணிக்குத்தான் வரும். அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நான் அவளுடைய மகனின் காலில் சப்பாத்தை மாட்டி வெளியே அனுப்புவேன்.