கொடியேற்றிய பந்தலில் ஒரு கூட்டம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டியில் பொதுக்கூட்டம் என்றால் யாரும் வரமாட்டார்கள். அதனால் செயலாளர் ஒரு வழி வைத்திருந்தார். சுதந்திர தினத்தன்று கொடியேற்றி முடித்ததும், அதே பந்தலில் அதே நாற்காலிகளில் கூட்டத்தை நடத்திவிடுவார். நாஷ்டா அதற்குப் பிறகுதான். லீவு நாளில் கிடைக்கிற இட்லியை விட்டுவிட்டு மாடியேறிப் போக எங்கள் கோந்த்வா ஏரியாவில் யாருக்கும் மனம் வராது. அந்த இட்லி என் கையால் செய்தது. ஆகுர்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் பல வருடம் சமைத்துவிட்டு, இப்போது வீட்டிலேயே மாவரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன்.

எங்கள் வீட்டில் முன்னறைக்குத் தனி வாசல் உண்டு. மகள் கல்யாணமாகிப் போனதும் அதை வாடகைக்கு விட்டோம். வந்தவர் தான்சானியாக்காரர். முப்பது வயதைத் தாண்டியவர். ஊரில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். இங்கே பல்கலைக்கழகத்தில் சரித்திர ஆராய்ச்சி. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், விடுதலை என்பதைப் பற்றி இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஜனங்கள் எப்படி யோசித்தார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தார். நான் ஐந்தாவது வரை படித்தவன். ராத்திரி சாப்பாட்டுக்கு அவர் எங்களோடு உட்காரும்போது, இரண்டு பேருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஹிந்தியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுவார். ஹிந்தியில் கடைக்கு ‘துகான்’ என்பதுபோல அவர்கள் ஊரில் ‘துக்கா’ என்று பெயராம். நம் ஆட்கள் போய்க் கடை வைத்ததால் வந்த சொல். எழுதி முடிக்க இன்னும் சில மாதங்கள் இருந்தன. அதுவரை அந்த அறை வேண்டும். வேறொன்றும் அவர் கேட்டதில்லை.

லிஃப்டில் அவர் ஏறினால் சிலர் இறங்கிவிடுவார்கள். யார் வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டாலும் புகார் என்னிடம் வரும். அவர் பேசுவதை ஒருமுறை எல்லாரும் கேட்டுவிட்டால் இந்த முணுமுணுப்பு அடங்கிவிடும் என்று நான் நினைத்தேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஆனாலும் செயலாளர் வீட்டுக்குப் போய், கொடியேற்றத்தன்று அவரைப் பேசவைக்கலாமா என்று கேட்டேன்.

“ஃபார் சான், ரொம்ப நல்லது அண்ணா! நம்ம சுதந்திரத்தைப் பத்தி வெளிநாட்டுக்காரர் பேசினா நல்லா இருக்குமே” என்றார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தவே மாட்டார்.

தான்சானியாக்காரர் பேச்சை ஹிந்தியில் எழுதி எங்கள் சமையலறையில்தான் படித்துப் பார்த்தார். இந்தியா விடுதலையான செய்தி ரேடியோவில் வந்தபோது துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவருடைய தாத்தா, ‘இவ்வளவு பெரிய தேசத்தையே விட்டுப் போகிறான் என்றால் நம்மை விடாமலா போவான்’ என்றாராம். அதை வைத்துத்தான் பேச்சை ஆரம்பித்திருந்தார். இன்னொன்றையும் எங்களிடம் சொன்னார். அந்தக் காலத்தில் அவர்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மூன்று வாசல்கள் இருந்தன. வெள்ளைக்காரனுக்கு ஒன்று, இந்தியனுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று. நடு வாசலில் போனவர்கள் மேலே பார்த்து வருத்தப்பட்டார்களாம், கீழே பார்க்கவே இல்லையாம்.

“இதையும் பேசலாம்லா? கேக்கட்டும்” என்றாள் என் மனைவி.

“வேண்டாம் அக்கா. விருந்தாளியாகப் போகிறேன்” என்று சிரித்தார்.

கொடியேற்றிய அன்றைக்கு நல்ல கைதட்டல். தாத்தா சொன்னதைச் சொன்னபோது ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலாளர் இங்கத்து வழக்கப்படி அவருக்குச் சால்வை போர்த்தி, தேங்காயைக் கையில் கொடுத்தார். பிள்ளைகள் அவரோடு போட்டோ எடுத்தார்கள். நான் இட்லிப் பாத்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு கூட்டம் தொடங்கியது. அவரையும் உட்காரச் சொன்னார்கள். தண்ணீர் டேங்கர், பார்க்கிங் பேச்செல்லாம் முடிந்து, குடும்பமாக இருப்பவர்களுக்கு மட்டும்தான் இனி வீடு வாடகைக்கு விடவேண்டும் என்று ஒருவர் சொன்னார். இத்தனை நாளாகத் தான்சானியாக்காரரைக் கவனிக்காதவர்கள்கூட இப்போது திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் நின்று பேசியதால் எல்லாருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது.

“ஏ விங்கில ரெண்டு சாஃப்ட்வேர் பசங்க இருக்காங்களே?” என்றார் ஒருவர்.

“அவங்க சித்தப்பா பிள்ளைங்கப்பா. அது ஃபேமிலிதான்.”

“அப்போ ஒரு இங்கிலீஷ்காரன் தனியா வந்து கேட்டா?”

“அவனுக்கு வாடகைக்கு விட்டா மொத்த சொசைட்டியையும் எழுதி வாங்கிடுவான்!”

பந்தல் முழுக்கச் சிரிப்பு. அவரும் மரியாதைக்குச் சிரித்தார்.

நான் எழுந்தேன். “இவருக்கும் குடும்பம் இருக்கு. ஊர்ல இருக்கு. நல்லவர். இன்னும் கொஞ்ச மாசம்தான்” என்றேன்.

“நல்லவர் இல்லைன்னு யார் சொன்னது, அண்ணா? இப்பத்தானே சால்வை போட்டோம். இது அவரைப் பத்தி இல்லை. ரூல் எல்லாருக்கும் பொது” என்றார் செயலாளர்.

மகர்பட்டாவில் வேலை பார்க்கும் சென்னைக்காரர் ஒருவர் எங்கள் மாடியில் இருக்கிறார். அவராவது ஏதாவது சொல்வாரென்று பார்த்தேன். என் பக்கம் குனிந்து தமிழில் சொன்னார்: “விடுங்க சார். நாமளே வெளியூர்க்காரங்க. நமக்கு எதுக்கு?”

ஆதரவுக்குக் கை தூக்கச் சொன்னார்கள். கைகள் எழுந்தன. கண்ணைத் துடைத்த பெரியவரும் தூக்கினார். எதிர்ப்பு யார் என்று கேட்டபோது நான் தூக்கினேன்.

“இட்லி மட்டும் எதிர்ப்பு” என்றார் ஒருவர். மறுபடியும் சிரிப்பு.

அவர் சால்வையோடு, தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு கைகளையே பார்த்தபடி இருந்தார். கூட்டம் முடிந்ததும் எல்லாரும் வரிசையில் வந்தார்கள். நான்தான் பரிமாறினேன். சட்னி நன்றாக இருக்கிறது என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னைத்தான் பிடித்தாள். “நம்ம வீடு தானய்யா? வாசப்படில நின்னு போமாட்டாருன்னு சொல்லிப்புட்டு வர வேண்டியதுதான?”

சொல்லலாம். ஆனால் தண்ணீரும் லிஃப்டும் வாட்ச்மேனும் சொசைட்டி கையில்தானே இருக்கின்றன. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது.

அவர் அறையைக் காலி செய்ய மாத முடிவு வரை நேரம் கொடுத்தார்கள். ஆகுர்டியில் என்னோடு கேன்டீனில் இருந்தவனுக்குச் சொந்தமாக இரண்டு அறை உண்டு. ஒரு நாள் காலை டிபனுக்கு அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே போன் செய்தேன்.

“நீ கேட்டு இல்லம்பேனால? எப்ப வேணா வரச் சொல்லு. ஆளு நம்ம ஊரா?”

“தான்சானியாக்காரர்” என்றேன்.

“ஏல, காலங்காத்தால வெளையாடாத” என்று வைத்துவிட்டான்.

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டு, என் தட்டை என் பக்கம் நகர்த்தினார். “சாப்பிடுங்கள் அங்கிள், ஆறிவிடும்” என்றார். அதற்குப் பிறகும் பல இடங்களுக்குப் போன் செய்தோம்.

கடைசியில் ஊருக்கு வெளியே, அவர் நாட்டு மாணவர்கள் நெருக்கியடித்து இருக்கும் ஓர் அறையில் இடம் கிடைத்தது. அங்கே மேஜை போட வழியில்லை. புத்தகப் பெட்டிகளை நானும் அவரும் டெம்போவில் ஏற்றினோம். செயலாளர் கேட்டுக்கு வந்து அவர் கையைக் குலுக்கினார்.

“புத்தகம் வந்ததும் எங்களுக்கு ஒண்ணு அனுப்பணும். சொசைட்டி ஆபீஸ்ல வைப்போம்.”

“கட்டாயம்” என்றார் அவர்.

போன வாரம் பேசினேன். எழுதுகிறீர்களா என்று கேட்டேன். மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும் அங்கிள் என்றார். பின்னால் நிறையக் குரல்கள் கேட்டன. சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டேன்.